இரண்டாவது பாட்டு

இரண்டு கோடைக்கு அரைக் கட்டை.
அவர் கேட்டதில்லை. நான் சொன்னதுமில்லை.
மே மாதம் பனி உடைந்து
ஏரி கறுப்பாய்த் தெரியத் தொடங்கும்போது
அக்கார்டியனைப் பெட்டியிலிருந்து எடுத்து
விரல்களை ஒரு பொத்தான் தள்ளி வைத்துக்கொள்வேன்.
முதல் ஒத்திகையில் தைஸ்தோ ஹல்லிகாஸ்
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி
ஒரு கணம் என்னைப் பார்ப்பார்.
பிறகு பாடுவார்.
பன்னிரண்டு கோடைகள். மூன்று கட்டை.

ஒரு காலத்தில் இவர் முகம்
காபி டப்பாக்களில் வந்தது.
பின்லாந்தின் பாதிச் சமையலறைகளில்
தினமும் காலையில் இவர் கழுத்தைத் திருகித்தான் திறந்தார்கள்.

கடைசிக் கோடையின் ஜூனில்
துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் கப்பல்,
ஏழாவது தளம்,
சூதாட்ட இயந்திரங்களின் கிணுகிணுப்புக்கு நடுவே.
மணப்பெண்ணின் தோழி ஒருத்தி
‘நீங்கள்தானே அந்த...’ என்று இழுத்தாள்.
பெயர் வரவில்லை.
அவரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஜூலையில் டிராக்டர் கடைத் திறப்பு விழா.
லாரியின் பின்பலகைதான் மேடை.
மழைக்கு ஒலிபெருக்கிமேல் பிளாஸ்டிக் தாள் போர்த்தினார்கள்,
அவர்மேல் ஒன்றுமில்லை.
சம்பளத்தோடு ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் கொடுத்தார்கள்.
வழியெல்லாம் அதை மடியில் வைத்திருந்தார்.

ஆகஸ்ட். குயிவாஸ்லம்பி ஏரிக்கரை நடனக் கூடம்.
இரவு பத்துக்கும் முழுசாய் இருட்டாத வானம்,
வாட்டிய சாசேஜ் புகை, கொசு.
இங்கே ஒரு விதி உண்டு:
ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு.
முன்பின் தெரியாதவர்களும் தோளில் கை போடலாம்.
இரண்டாவது முடிந்ததும்
அவளைப் பெஞ்சுவரை கொண்டுபோய் விட்டு
நன்றி சொல்லிவிட்டு விலக வேண்டும்.
முதல் பாட்டோடு யாரும் யாரையும் விடுவதில்லை.

மேடையேறுமுன் என் பக்கம் குனிந்தார்:
‘எடுத்த மூன்று கட்டையையும்
இன்றைக்குத் திருப்பிக் கொடு.’

தெரிந்திருக்கிறது.
பன்னிரண்டு வருடமும்.

பாடினார். நவம்பருக்காகக் காத்திருக்கும் ஒருவனின் டாங்கோ.
‘நவம்பர்’ என்ற சொல்தான் அதன் உச்சி.
அங்கே குரல் ஏறியது, உடைந்தது.
அழகாக உடைந்தது என்று பின்னால் பத்திரிகையில் எழுதினார்கள்.
இல்லை. பச்சை அபஸ்வரம்.
ஆனால் இறங்கி வரவில்லை மனிதர்.
அந்த அபஸ்வரத்தின் மேலேயே
முழுசாய் நாலு எண்ணிக்கை நின்றார்.
பிறகு மிச்ச வரிகளைப் பாடி முடித்து
மைக்கை ஸ்டூலில் படுக்கவைத்து
பின்படி வழியாக இறங்கினார்.
சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்டது.
காரின் சத்தம் கேட்டது.

நாற்பது ஜோடிகள் கையை எடுக்கவில்லை.
பச்சை உடுப்புக்காரியின் இடுப்பில்
ஒரு மெக்கானிக்கின் எண்ணெய் ஏறிய நகங்கள்.
அவள் கன்னத்தில் கொசு. தட்டவில்லை,
தட்டினால் தோளை விடவேண்டும்.
டிரம்ஸ் வாசிக்கும் ஆர்வோ என்னைப் பார்த்தான்.
ஏன் நீ வாசிக்கவில்லை என்று
இன்றும் கேட்கிறார்கள்.
எந்தச் சுருதியில்?

ஆடாமல் நின்றார்கள்,
ஒரு பாட்டின் நீளம் இருக்கும்.
யாரோ ஒருவர் முதலில் ‘நன்றி’ என்றார்.
நாற்பது பெண்கள் பெஞ்சுகளுக்குத் திரும்பினார்கள்.

பிப்ரவரியில் செத்துப்போனார்.
சிலை என்று பேச்சு எழுந்து, நிதி போதாமல்,
ஒரு வாகன நிறுத்தத்துக்குப் பெயர் வைத்தது நகராட்சி.
இசைத்தட்டுகளை மறுபடி வெளியிட்டார்கள்,
எல்லாம் பழைய சுருதியில்,
இருபத்தெட்டு வயதுத் தொண்டையில்.

நேற்று மருந்துக்கடையில்
எனக்கு முன்னால் ஒரு பெண்
அந்த டாங்கோவை முனகிக்கொண்டிருந்தாள்.
எந்த இசைத்தட்டிலும் இல்லாத இடத்தில்.
மூன்று கட்டை கீழே.

திரும்பிப் பார்ப்பாளென்று நின்றேன்.
முதல் சரணம் முடியுமுன்
அவள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.